நாலாம் றூம், சிங்கிள்

"என்ர சிங்கிள் வெள்ளிக்கிழமை வருது" எண்டு
இனேஸ் அனுப்பின மெசேஜை
புக்கிங் கொப்பியில எழுதி வைச்சன்:
நாலாம் றூம். சிங்கிள். வெள்ளி.
விரிப்பு மாத்தி,
ஏசி ஒழுகிற வாளியை ஊத்தி,
தண்ணிக் கிளாசுக்குள்ள
நித்தியகல்யாணி ரெண்டு பூவும் வைச்சாச்சு.

மர்சலின்தான் சிரிச்சாள்,
பாணுக்கு மாக் குழைச்ச கையோட.
"அது ஆள் இல்லையடி, பாட்டு.
ஒரு பாட்டைத் தனிய வெளியில விட்டால்
அவையள் அப்பிடித்தான் சொல்லுறது."

போன ஆவணியில அவள் வரேக்க டபிள்.
மூண்டாம் நாள் விடியப்புறம்
அவன் கண்டி பஸ்சில போனான்.
ஒருத்தரும் சத்தம் போடேல்ல.
கேற் மட்டும் ஒருக்காக் கிறீச்சிட்டது.
பிறகு ஒன்பது நாள்
உப்புவெளிக் கடலைப் பார்த்தபடி
சாப்பாட்டுத் தட்டை அரைவாசியில மூடி வைச்சுக்கொண்டு
அவள்.

பில் போடேக்க
டபிள் எண்டதை வெட்டி
சிங்கிள் எண்டு எழுதினன்,
நாளுக்கு ரெண்டாயிரம் குறையும்,
முதலாளி கேட்டால் பார்ப்பம் எண்டு.
அவள் காசை எடுக்காமல்
அந்த வெட்டின கோட்டையே பார்த்துக்கொண்டு நிண்டாள்.
கணக்குப் பிழையாக்கும் எண்டு
நான் திரும்பவும் கூட்டத் தொடங்கினன்.

ஸ்பெயினில வியாழன் நடுச்சாமம்
எங்களுக்கு வெள்ளி விடிய மூண்டரை.
டேட்டா போட்டு வைச்சிருந்தன்.
கச்சான் காத்து அடங்கின நேரம்.
மான் ஒண்டு வளவுக்குள்ள வந்து
குப்பை வாளியை மணந்துகொண்டு நிண்டது.
முதல்ல பியானோ.
பிறகு, துவாய் மாத்தச் சொல்லிக் கேட்ட அதே குரல்,
ஆனால் நனைஞ்சு.

ஒண்டும் விளங்கேல்ல.
திடீரெண்டு மேசா எண்டாள்.
சப்பாத்தோஸ் எண்டாள்.
மேசையும் சப்பாத்தும்
எங்கட வீட்டுச் சாமான் எல்லோ!
எந்தக் காலத்துக் கப்பலில
ஆர் இறக்கிவிட்ட சொல்லோ,
இவளும் வைச்சிருக்கிறாள்.
பேனா எண்டும் ஒரு இடத்தில.
கடிதம் எழுதப்போறாள் எண்டு நினைச்சன்.

பிறகு, குரல் உடையிற இடத்தில,
நாதா... நாதா...

கறுப்பு வெள்ளைப் படத்தில
தூணைக் கட்டிப்பிடிச்சு அழுகிறவையை விட
இந்தக் காலத்தில ஆர் அப்பிடிக் கூப்பிடுகினம்?
கோணமலையில சாமியைக் கூப்பிடலாம்.
போனவனை?
எனக்கு அழுகை வந்திட்டுது.

நாலு மணிக்கு போறணை மூட்ட வந்த மர்சலினை
பிடிச்சு இருத்திக் கேக்க வைச்சன்.
"நாதா எண்டால் ஒண்டுமில்லை.
பாலையூற்றில எங்கட அப்பா
சீட்டில தோத்துப்போட்டு வந்து
கையை விரிச்சுச் சொல்லுறதும் அதுதான்."
பேனா?
"அது கவலை."
கொஞ்சம் பொறுத்து,
"எழுதுற பேனாவும்தான்" எண்டாள்.

அப்ப பாட்டில இருக்கிறது இவ்வளவுதான்:
மேசைக்குக் கீழ அவன்ர சப்பாத்து.
கவலை. ஒண்டுமில்லை. ஒண்டுமில்லை.

விடியமுன்னம் இருவதாயிரம் பேர் கேட்டாச்சாம்.
இருவதாயிரம் பேர் குனிஞ்சு
வெறும் சப்பாத்துச் சோடி ஒண்டைப் பார்த்துக்கொண்டிருக்க,
அது இஞ்ச
கேற்றடியில் இருந்து எழும்பி நடக்குது.
வாச்சர் சிவபாதம் அண்ணைக்கு ஒரு சைஸ் பெரிசு,
முன்னுக்குப் பேப்பர் அடைஞ்சு போட்டிருக்கிறார்.
ரோச்சை அடிச்சுக்கொண்டு
நாலாம் றூம் வாசலால
மானைக் கலைச்சுக்கொண்டு போறார்.
சரளைக் கல்லில சறுக், சறுக்.

இதை அவளுக்குச் சொல்லுறதோ?
சொன்னால் பாட்டு என்னாகும்?

ஃபோன் மினுங்கினது.
"கேட்டியா? என்ர றூமில இப்ப ஆர்?"

எனக்குத் தெரிஞ்ச அவளின்ர சொல்லு ஒண்டுதான்.
நாதா எண்டு போட்டன்.
ரெண்டு பாஷையிலயும் பொய் இல்லை.

பத்து மணிக்கு
குருநாகலில இருந்து ஒரு குடும்பம் வருது.
ஆறு பேர்.
மேலதிகமா ரெண்டு பாய் வேணுமாம்.